துண்டு டிக்கெட்

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தா கண்ணு போகத்தானுங்க செய்யுது. உங்க போனை எட்டிப் பாத்துட்டேன். கோயமுத்தூர்ல இருந்து ஒரு பிளேன், நடுவுல எறங்கி வேற கம்பெனியில இன்னொரு பிளேன், ரெண்டையும் தனித்தனியாப் போட்டா வெலை கொறையுதுன்னு பாத்துட்டு இருக்கறீங்க. சரிதானுங்களே? யாருக்குங்க, அப்பா அம்மாவுக்கா? அப்படீன்னா அந்தக் கடைசிப் பட்டனை மட்டும் இப்ப அமுக்கீராதீங்க. சிங்காநல்லூர் வர்றதுக்குள்ள நான் சொல்லி முடிச்சர்றேன், அப்பறம் உங்க இஷ்டம். வேண்டாம்னு சொல்ல வரலீங்க. அந்த மாதிரி டிக்கெட்டை நானும் போட்டவன், அதுல போனவன். போனவன்னு முழுசாவும் சொல்ல முடியாது. பாதி போனவன்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பல்லடத்துல மோட்டார் பம்புசெட்டுக் கடை. நான் வெலை பேசாம ஒரு சாமானும் வாங்குனதில்லை. பழக்கடையில பேசுவேன், ஆஸ்பத்திரியில பேசுவேன். ஒருக்கா கோயில்ல அர்ச்சனைச் சீட்டு குடுக்கறவர்கிட்ட, ரெண்டாச் சேத்து வாங்குனா எவ்வளவு கொறைப்பீங்கன்னு கேட்டுப்போட்டேன். அவரு என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். எங்கூட்டுக்காரி தேங்காய்த் தட்டத்தைத் தூக்கிட்டு அக்கட்டால போயிட்டா. அப்படிப்பட்ட ஆளுங்க நானு.

எனக்கு ஒரே புள்ளை, வான்மதி. இங்கிலாந்துல, மான்செஸ்டர் பக்கம் ஒரு ஊர்ல மேல்படிப்பு. தண்ணி சம்பந்தமான படிப்பு. பம்புக்காரன் புள்ளை தண்ணி படிக்குதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன். படிப்பு முடிஞ்சு பட்டம் குடுக்கற விழா, ஆடி மாசம். ‘நீங்களும் அம்மாவும் வந்தே ஆகோணும்’னு புள்ளை சொல்லிருச்சு. விசா எடுத்தாச்சு. அதுல வெலை பேச வழியில்லைங்க, கேட்டுப் பாத்தேன்.

அடுத்தது டிக்கெட்டு. எங்க ஒறம்பரையில, சொந்தக்காரப் பையன், சபாபதின்னு பேரு, எங்க கடைத்தெருவுலயே டிராவல்ஸ் வெச்சிருக்கறான். அவன் சொன்னான்:

“மாமா, ஒரே டிக்கெட்டாப் போட்டுக்குங்க. மொதல் பிளேன் லேட்டானா, அடுத்த பிளேன்ல ஏத்தி உடறது அவிய பொறுப்பு. பெட்டியும் அங்க போய்த்தான் கைக்கு வரும். நிம்மதியாப் போய்ச் சேரலாம்.”

நான் வெலையைக் கேட்டேன். கேட்டுப்போட்டு, “உன்ற கமிஷன் எவ்வளவு மாப்ள?”ன்னேன். அவன் சிரிச்சான். சிரிச்சான்னா அதுல என்னமோ இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம். எந்திரிச்சு வந்துட்டேன்.

வந்து கம்ப்யூட்டர்ல உக்காந்தனுங்க. கடையை ஆளுங்ககிட்ட உட்டுட்டு ஒரு வாரம் அதே வேலை. கோயமுத்தூர்ல இருந்து வளைகுடாவுல ஒரு ஊருக்கு ஒரு சின்னக் கம்பெனி பிளேன். அங்கிருந்து மான்செஸ்டருக்கு இன்னொரு சின்னக் கம்பெனி. ரெண்டையும் துண்டு துண்டா வாங்கிக் கூட்டிப் பாத்தா, சபாபதி சொன்னதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. மிச்சத்துல நல்ல ஏழரைக் குதிரை மோட்டார் ஒண்ணு எறக்கலாம். கடைக்கு வந்தவிய எல்லார்த்துக்கும் காட்டுனேன். மோட்டார் ரிப்பேருக்கு வந்த ஒருத்தரு, பாவம், தோட்டத்துல பயிர் காயுதுங்குறாரு, அவரைப் புடிச்சு நிறுத்தி வெச்சுக் காட்டுனேன்.

ருக்மணி, அதாங்க எங்கூட்டுக்காரி, ஒண்ணே ஒண்ணு கேட்டா. “ஏனுங்க, நடுவுல நம்ம பெட்டியை ஆருங்க மாத்திப் போடுவாங்க?”

“அதெல்லாம் அவியளே மாத்திக்குவாங்க. உனக்கெதுக்கு அது”ன்னு சொன்னேன். எனக்குத் தெரியாதுங்க. ஆனா தெரியாதுன்னு அவகிட்ட நான் எப்பவும் சொன்னதில்லை.

பொறப்பட்ட அன்னிக்குக் கோயமுத்தூர்ல மழை. பிளேன் வரவே லேட்டு. நான் பதறலை. நடுவுல நாலு மணி நேரம் உட்டுத்தான் போட்டிருக்கறேன், எந்தக் கோட்டையும் இடிஞ்சராதுன்னு உக்காந்திருந்தேன். அதுல பாதிக்கு மேல இங்கயே போயிருச்சு. பிளேன்ல ஏறுனதும் அங்க வேலை செய்யற புள்ளைகிட்ட, எங்களுக்கு அடுத்த பிளேன் இருக்குதும்மா, கொஞ்சம் சொல்லி வையுன்னேன். டிக்கெட்டை வாங்கிப் பாத்துட்டு, “இது எங்க கம்பெனி இல்லீங்களே சார்”னு திருப்பிக் குடுத்துட்டுச்சு. பணிவாத்தான் குடுத்துச்சு. சபாபதி மூஞ்சி அப்பத்தான் மொதமொத ஞாபகம் வந்துச்சு.

அந்த ஊர்ப் பேரு வேண்டாமுங்க. ஊரு மேல தப்பில்லை. எறங்குனமா, அடுத்த பிளேனுக்குப் போற வழின்னு போட்டிருந்த பக்கமா ஓடுனேன். அங்க நின்னவரு, “உங்க பெட்டி எங்கே?”ன்னாரு. அவியளே மாத்திக்குவாங்கன்னு நான் ருக்மணிகிட்டச் சொன்னதையே அவருகிட்டயும் சொன்னேன். அவரு நம்பலை. ரெண்டும் வேற வேற டிக்கெட்டு, பெட்டி இந்த ஊர்லயே எறங்கிருச்சு, நீங்க வெளியே போய் எடுத்து மறுபடி குடுக்கோணும்னாரு. வெளியே போகோணும்னா அந்த ஊரு விசா வேணும். பிரிட்டன் விசா கையில இருந்ததால அங்கயே பணம் கட்டி வாங்கிக்க உட்டாங்க. அதுக்கு ஒரு வரிசை. வரிசையில நின்னு, பெட்டியை எடுத்து, வேற கட்டடத்துக்கு பஸ்ஸைப் புடிச்சு, மூச்சு வாங்க அந்தக் கவுண்டருக்குப் போய் நின்னா, மூடியாச்சுங்குறாங்க. பிளேன் இன்னும் கெளம்பலை. கண்ணாடி வழியா தெரியுது. ஆனா கவுண்டர் மூடியாச்சு.

அங்க இருந்த அம்மா நல்ல மாதிரிதான். கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, “எங்க கணக்குல நீங்க வரலீங்க சார்”னா. எதிர்லயே நிக்கறேன். பெட்டி ரெண்டு, பை மூணு, பக்கத்துல பொண்டாட்டி. ஆனா வரலை. டிக்கெட் பணம் திரும்ப வராதான்னேன். வராதவங்களுக்குத் தர்றதில்லைன்னா.

விழா அடுத்த நாள் முற்பகல். லீவு காலமுங்க, எல்லாப் பிளேனும் ரொம்பி வழியுது. அந்த அம்மா வேற வேற கம்பெனி எல்லாம் தேடிப் பாத்துட்டுக் கடைசியா சொன்னா: அன்னிக்கு மத்தியானம் வேற கம்பெனியில ஒரு சீட்டு இருக்குது. ஒண்ணுதான். அதை உட்டா விழா முடிஞ்சு அடுத்த நாள்தான். வெலையைக் கேட்டேன். என்ற மோட்டாரும் போச்சு, அதோட இன்னொரு மோட்டாரும் போச்சு. வெலை பேசுனீங்களான்னு கேக்காதீங்க தம்பி. பேசுனேன்.

சரி, ஒரு ஆளாவது போய்ச் சேரோணுமேன்னு என்ற பாஸ்போர்ட்டை எடுத்துக் கவுண்டர் மேல வெச்சேன். அதுல யோசிக்க என்னங்க இருக்குது. இங்கிலீஷ் தெரிஞ்சவன் நானு. ஊரு ஊரா மோட்டார் கம்பெனி மீட்டிங்குக்குப் போயி வந்தவன் நானு. ருக்மணி திருப்பூருக்குத் தனியாப் போனாலே நான் பஸ்ஸுல ஏத்தி உட்டு கண்டக்டர்கிட்டச் சொல்லி அனுப்பறவன்.

அவ பைக்குள்ள கையை உட்டா. அவ பாஸ்போர்ட்டை எடுத்தா. என்ற பாஸ்போர்ட்டு மேல வெச்சா.

“நான் போறனுங்க”ன்னா.

வெளையாடறான்னு நெனச்சேன். “நீ போய் அங்க என்ன பேசுவே?”

“பேசறதுக்குப் போகலீங்க. பாக்கறதுக்குப் போறேன்.”

“இங்க பாரு ருக்கு, அங்க எறங்குனா நூறு கேள்வி கேப்பாங்க. நீ இங்க பெட்டியைப் பாத்துட்டு உக்காந்திரு. நான் போய் நின்னுட்டு வந்தர்றேன்.”

அவ சத்தம் போடலீங்க. கவுண்டரையே பாத்துட்டுச் சொன்னா. “பள்ளிக்கூட ஆண்டு விழாவுல நம்ம புள்ளை பரிசு வாங்குச்சு. நீங்க போனீங்க, கடையை நான் பாத்தேன். காலேஜுல சேத்தறதுக்கு நீங்க போனீங்க, மாட்டை நான் பாத்தேன். ஏர்போர்ட்டுக்கு அனுப்பி வெக்கப் போனப்ப கார்ல உங்க மாமன் பசங்க ஏறிக்கிட்டாங்க, எடமில்லைன்னு வாசல்லயே நின்னுக்கிட்டேன். பெட்டியை இந்தத் தடவை நீங்க பாருங்க.”

கார்ல எடமில்லாததுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க. மாமன் பசங்க ஆசையா வந்து ஏறிட்டாங்க, எறங்குங்கடான்னா சொல்ல முடியும்? அதை இத்தனை நாளா மனசுல வெச்சிருந்திருக்கறா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல. நானே அடுத்த வண்டியில கூட்டிட்டுப் போயிருப்பேன்.

கவுண்டர்ல இருந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா மேல இருந்த பாஸ்போர்ட்டைத்தான் எடுத்துச்சு.

அப்பறம் ருக்மணி பெட்டியை அங்கயே தரையில போட்டுத் தொறந்தா. வான்மதி கட்டிக்கறதுக்குன்னு ஊதாக் கலர்ல பட்டுச் சேலை எடுத்து வெச்சிருந்தா. அதையும் ரவிக்கையையும் எடுத்துக் கைப்பைக்குள்ள திணிச்சுக்கிட்டா. முறுக்கு, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் என்கிட்டயே உட்டுட்டா. உள்ள போற வரைக்கும் நான் பின்னாடியே போய்ச் சொல்லிக்கிட்டே இருந்தேன்: பாஸ்போர்ட்டைக் கையிலயே வெச்சுக்க, ஆரு என்ன குடுத்தாலும் வாங்கித் திங்காதே, எதுக்கும் ரெண்டு தடவை கேட்டுக்க. ம், ம்னுட்டே போனா. திரும்பிப் பாத்தாளான்னா, பாக்கலை. கூட்டமுங்க அன்னிக்கு.

நல்லாக் கேட்டுக்குங்க, அவளை அனுப்புனது நான்தான். பணம் கட்டுனது நானு. வேண்டாம்னு நான் சொல்லியிருந்தா போயிருப்பாளா?

எனக்கு மூணாம் நாள் பிளேனுக்குச் சீட்டுப் போட்டுக்கிட்டேன். ரூம் எடுக்கலாமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வெலையைப் பாத்ததும் போயிருச்சு. ஏர்போர்ட்டுலயே, செருப்பைப் பைக்குள்ள போட்டுத் தலைக்கு வெச்சு, பெட்டி ரெண்டையும் காலோட கட்டிப் படுத்துக்கிட்டேன். பசிச்சா முறுக்கு. சலிச்சா மறுபடி முறுக்கு. ஊறுகாயைத் தொட்டுக்க வெச்சுக்கிட்டேன். புள்ளைக்குன்னு ருக்மணி ஒரு வாரம் சுட்டது, முக்கால்வாசி நானே தின்னுட்டேன். பக்கத்துல சூடான் நாட்டுக்காரங்க ஒரு குடும்பம் இருந்துச்சு. அவங்க குழந்தைகளும் தின்னுச்சு. நல்லாருக்குதுன்னு தலையாட்டுச்சு.

விழாவை இன்டர்நெட்டுல நேரடியாக் காட்டுவாங்கன்னு வான்மதி லிங்க் அனுப்பியிருந்தா. ஊர்ல பொறப்படறப்பவே அவ, அப்பா, வெளிநாட்டு நெட் பேக் ஒண்ணு போனுக்குப் போட்டுக்குங்கன்னு சொன்னவதான். ஏர்போர்ட்டுல வைஃபை இலவசமாக் குடுக்கறப்ப காசு குடுத்து எதுக்குன்னு நான் போடலை. அது இலவசந்தானுங்க, ஆனா கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா தானா அறுந்துக்கும். மறுபடி நம்பரைப் போட்டு உள்ள போகோணும்.

உக்காந்து பாத்தனுங்க. பெரிய மண்டபம், கறுப்பு அங்கி போட்ட புள்ளைக வரிசையா வருது. ஒவ்வொரு பேராக் கூப்புடறாங்க, கை தட்டறாங்க. நானும் ஆரு பேரைக் கூப்பிட்டாலும் தட்டுனேன். சூடான்காரக் குழந்தைகளும் தட்டுச்சு. மேடை ஓரத்துல ஊதாக் கலர் தெரிஞ்சுது. அங்கிக்குக் கீழ பட்டுச் சேலைக் கரை. என்ற புள்ளை. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். அவளுக்கு முன்னாடி ஒரே ஒரு பையன். அவனும் போயிட்டான்.

அறுந்துருச்சுங்க.

நம்பர் போட்டேன், தப்பாப் போட்டேன். மறுபடி போட்டேன். படம் வந்தப்ப மேடையில வேற ஒரு புள்ளை, செவப்பு முடி, கை குடுத்துட்டு இருக்குது. எல்லாரும் தட்டறாங்க. சூடான்காரக் குழந்தைகளும் தட்டுதுக. நான் உக்காந்துட்டேன். வான்மதி நாச்சிமுத்துன்னு கூப்பிட்டிருக்காங்க தம்பி. என்ற பேரு. அந்த மண்டபத்துல என்ற பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. ‘உங்க பேரு வாய்ல வராம ரெண்டு தடவை முக்குனாங்க’ன்னு ருக்மணி அப்பறம் சொன்னா.

மூணாம் நாள் போய்ச் சேந்தேன். மான்செஸ்டர்ல எறங்குனா, ஆபீசரு எதுக்கு வந்தீங்கன்னாரு. நான் டிக்கெட்டு போட்டதுல இருந்து ஆரம்பிச்சேன். அவரு இன்னொரு ஆபீசரைக் கூப்பிட்டாரு. அவருக்கும் மொதல்ல இருந்து சொன்னேன். ஓரமா உக்கார வெச்சுட்டாங்க. புள்ளையோட போன்ல பேசுன பொறகுதான் உட்டாங்க. ருக்மணிகிட்ட என்ன கேட்டாங்கன்னு பின்னாடி விசாரிச்சேன். எதுக்கு வந்தீங்கன்னு கேட்டாங்களாம். போன்ல இருந்த புள்ளை போட்டோவைக் காட்டி, “டாட்டர். டிகிரி. டுமாரோ”ன்னாளாம். அந்த ஆபீசரு வாழ்த்துச் சொல்லி அனுப்பிச்சாராம்.

ரெண்டு பேரும் வந்திருந்தாங்க என்னைக் கூப்புட. வான்மதி கட்டிப் புடிச்சு அழுதுச்சு. ருக்மணி பெட்டியைத் தூக்கிப் பாத்தா. “முறுக்கு என்னங்க ஆச்சு?”ன்னா. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. பஸ்ஸுல டிக்கெட்டுக்கு அவதான் மெஷின்ல அட்டையைத் தட்டுனா, எனக்கும் சேத்து. எறங்கறப்ப டிரைவரைப் பாத்து “தேங்க்யூ”ன்னா. நான் பேசாம எறங்குனேன். “சொல்லோணுமுங்க, இங்க எல்லாரும் சொல்லுவாங்க”ன்னு நின்னுக்கிட்டா. திரும்பி ஏறிச் சொல்லிட்டு எறங்குனேன்.

அன்னிக்குத்தான் போட்டோவைக் காட்டுனாங்க. நடுவுல வான்மதி, தொப்பியும் அங்கியுமா. இந்தப் பக்கம் ருக்மணி. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. அந்தப் பக்கம், நான் நிக்க வேண்டிய எடத்துல, ஆறடிக்கு மேல ஒரு மனுசன். வெள்ளை நீள அங்கி, தலையில கட்டம் போட்ட தொப்பி, வாயெல்லாம் பல்லு. வெரல்ல பெரிய பச்சைக்கல்லு மோதிரம். அந்தக் கையை என்ற புள்ளை தோள் மேல போட்டிருக்கறாரு.

“ஆரு கண்ணு இது?”ன்னேன்.

வான்மதிதான் சொன்னா. ஒரு புள்ளைக்கு ரெண்டு பேருதான் உள்ள போகலாமாம். அவளோட படிச்ச நைஜீரியாக்காரப் புள்ளைக்கு அம்மாவும் பெரியம்மாவும் வந்துட்டாங்க, அப்பனுக்குச் சீட்டு இல்லை. அந்த மனுசன் கதவுக்கு வெளியே கையில பூவோட நின்னிருக்கறாரு. ருக்மணி பாத்துட்டு, அவரு ஏன் உள்ள வரலைன்னு கேட்டிருக்கறா. விசயத்தைச் சொன்னதும், “அதான் உங்கப்பா சீட்டு சும்மா கெடக்குதல்ல”ன்னு சொல்லிப்போட்டு, நேராப் போய் அவரு கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்துட்டாளாம். வான்மதி பேரைக் கூப்பிட்டப்ப அவரு எந்திரிச்சு நின்னு, மண்டபமே திரும்பிப் பாக்கற மாதிரி கட்டைக் குரல்ல பேரைச் சொல்லிக் கத்துனாராம். பேரு அடேபாயோ. எங்கூட்டுக்காரிக்கு ‘அடபாய் அண்ணன்’. அவளுக்கு அண்ணன்னா எனக்கு மச்சான். இப்பவும் தீபாவளிக்கு வீடியோ கால் போட்டுப் பேசறாங்க. அவரு இங்கிலீஷ்ல பேசறாரு, இவ தமிழ்ல பேசறா. நடுவுல நான் மொழிபெயர்க்கறேன்னு போனா ரெண்டு பேரும் என்னைப் பாக்கறதே இல்லை.

ஊருக்கு வந்ததும் ருக்மணி அந்தப் போட்டோவைப் பெருசாப் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, வர்றவிய கண்ணுல படற மாதிரி நடுச் செவுத்துல மாட்டிட்டா. வர்ற ஒறம்பரை எல்லாம் ஆருங்க இவருங்குறாங்க. சபாபதி வந்தான், நின்னு பாத்தான். “நீங்க எங்கீங்க மாமா?”ன்னான். நான் ஏர்போர்ட்டுலன்னேன்.

எத்தனை பேருக்குத்தான் சொல்றது? பல்லடத்துல எனக்குத் தெரிஞ்ச ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்தப் போட்டோவுல அவரை எடுத்துட்டு என்னை வெக்க முடியுமான்னேன். முடியுமுங்கன்னான். வெலை பேசி, கோட்டுப் போட்டு, நின்னு படம் எடுத்துக்கிட்டேன். பாங்காத்தான் பண்ணிக் குடுத்தான். கொண்டு போய் ருக்மணிகிட்டக் காட்டி, இதை மாட்டலாமான்னு கேட்டேன். பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. கோபமெல்லாம் இல்லை.

“அன்னிக்கு வந்திருந்தது அவருதானுங்களே”ன்னா. அடுப்புல என்னமோ கொதிச்சுதுன்னு உள்ள போயிட்டா.

அதனால பழையதுதான் செவுத்துல இருக்குது. இது என்ற பர்சுலயே இருக்குது. இந்தாங்க, பாருங்க. நல்லாருக்குதுங்களா? வெயில் விழுகற பக்கம் புடிச்சுப் பாருங்க. ஒட்டு வேலைன்னு ஆரும் சொல்ல முடியாது. கோட்டுக்கூட எனக்குன்னு தெச்ச மாதிரி உக்காந்திருக்குது. ஒண்ணே ஒண்ணுதான். புள்ளை தோள் மேல இருக்குது பாருங்க கை, பச்சைக்கல்லு மோதிரம் போட்டது, அது மட்டும் அவருது. அதையும் எடுத்துரப்பான்னு சொன்னேன். எடுத்தா புள்ளை தோளும் சேந்து போயிருமுங்கன்னுட்டான். சரி, அது அங்கயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்.